குமரிக்கு எது முதலில்: கூடுதல் ரயிலா, கூடுதல் பஸ்ஸா?

மெட்ரோ பேச்சை ஓரம் வைத்துவிடலாம். 2017 மெட்ரோ கொள்கையின் 20 லட்சம் மக்கள்தொகை அளவுகோலைக் காட்டித்தான் கோவை, மதுரைத் திட்டங்களை 2025-இல் ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டம் முழுவதற்குமே 18.7 லட்சம் பேர்தான். ஆனால் அவர்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறவாசிகள். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

திருவனந்தபுரம் ரயில் பாதை 1979 முதல் இருக்கிறது. இரட்டைப் பாதை முழுமையானால், காலை மாலை உள்ளூர் ரயில்களைக் கூட்ட இடம் கிடைக்கும். புது நிலம் தேடி அலைய வேண்டாம். சிக்கல் அதிகாரத்தில்தான்: பணம் டெல்லியில், கால அட்டவணை திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில். குமரியை மதுரைக் கோட்டத்தோடு சேர்க்கக் கேட்டுக் கேட்டு மக்களுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தக்கலைக்கும் குளச்சலுக்கும் நிலையமே கிடையாது. இறங்க வேண்டியது இரணியலில்.

பஸ் மாநில அரசின் கையில். சட்டமன்ற உறுப்பினரிடம் நேரே கேட்கலாம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தச் செலவை அரசு ஈடுகட்டுகிறது. குறை, சாலை நெரிசல். மார்த்தாண்டம் மேம்பாலம் அந்த ஊரை மட்டுமே தாண்ட உதவுகிறது.

என் வாக்கு முதலில் பஸ்ஸுக்கு. அதிலும் இரணியல், குழித்துறை நிலையங்களுக்கு ரயில் நேரத்தை ஒட்டி ஓடும் சிற்றுந்துகளுக்கு. இதற்கு டெல்லியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.