குடித்தனத்துக்கு எந்தப் படகு: ஒற்றை உடலா, இரட்டை உடலா?

குடும்பத்தோடு பாய்மரப் படகில் குடியேற நினைப்பவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளும் கேள்வி இது: ஒற்றை உடல் கொண்ட மோனோஹல் வாங்குவதா, இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் வாங்குவதா? பேச்சு உடனே வேகத்துக்கும் புயலுக்கும் போய்விடும். ஆனால் படகில் வாழும் குடும்பம் பாய் விரித்து ஓடும் நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாளெல்லாம் படகு நங்கூரத்தில் நிற்கும், இல்லை மரீனாவில், அதாவது வாடகைக்குப் படகு நிறுத்தும் துறையில், கட்டிக் கிடக்கும். அதனால் சமையல், தூக்கம், துணி, பிள்ளைகளின் பாடம் இவற்றை வைத்தே இரண்டையும் பார்க்கலாம்.

கேட்டமரான் என்ற பெயர் நம்முடைய கட்டுமரத்திலிருந்து போனது. பெயர் மட்டும்தான் நம்முடையது. நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இரண்டு உடல்களை நடுவில் தளம் போட்டு இணைக்கும் வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது.

40 அடி நீளப் படகையே எடுத்துக்கொள்வோம். மோனோஹல் சுமார் 4 மீட்டர் அகலம் இருக்கும். அடியில் ஈயமோ இரும்போ ஆன கனத்த கீல் அதை நிமிர்த்திப் பிடிக்கிறது. கேட்டமரான் 6.5 முதல் 7 மீட்டர் அகலம். அது நிமிர்ந்து நிற்பதே அகலத்தால்தான். காற்று பலமாக அடித்தால் மோனோஹல் 15, 20 டிகிரி சாயும். சாய்ந்த வீட்டில் சமைப்பதை நினைத்துப் பாருங்கள். அடுப்பு ஊஞ்சல் மாதிரி ஆடி மட்டமாக நிற்கும்படி மாட்டியிருப்பார்கள், சமைப்பவர் இடுப்பில் ஒரு வார் கட்டிக்கொள்வார். கேட்டமரானில் அவ்வளவு சாய்வு கிடையாது, தேநீர்க் கோப்பையை மேசையில் அப்படியே விட்டுவிட்டு வரலாம். அதை நம்பி அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. இரண்டு உடல்களுக்கு நடுவே நுழையும் அலை தளத்தின் அடியில் 'டமார்' என்று மோதும். கோப்பை எகிறும், தூங்கும் குழந்தை எழுந்து அழும்.

நங்கூரத்தில் நிற்கும்போது மோனோஹல்லின் பெரிய குறை தெரியவரும். பக்கவாட்டில் நீரலை வந்தால் இரவு முழுக்க இடமும் வலமும் உருண்டுகொண்டே இருக்கும். படுக்கையிலிருந்து விழாமல் இருக்கப் பக்கத்தில் கித்தான் துணி கட்டியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் கேட்டமரானுக்குத்தான் என் ஓட்டு. தூக்கம் கெட்ட குடும்பத்தில் மறுநாள் பாடமும் நடக்காது, பழுது பார்க்கும் வேலையும் நடக்காது.

பாடம் என்றதும் மேசை நினைவுக்கு வருகிறது. மோனோஹல்லில் வாழும் அறை கீழே இருக்கும். சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம், அதுவேதான் பழுது பார்க்கும் பட்டறை. கேட்டமரானில் பொது அறை மேலே, சுற்றிலும் சன்னலோடு இருக்கும். கணக்குச் சொல்லிக்கொடுத்தபடியே நங்கூரம் நழுவுகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளலாம். பெற்றோர் ஒரு உடலிலும் பிள்ளைகள் மறு உடலிலும் படுக்கலாம். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதன் அருமை தெரியும். கைக்குழந்தை இருந்தால் கதை வேறு: இரவில் சிணுங்கினாலும் காதில் விழும் சின்ன மோனோஹல்லே தோது. தளத்தில் விளையாட கேட்டமரானில் இடம் தாராளம். பிள்ளைகள் ஓடவும் தாராளம். படகு எதுவானாலும் ஓரக் கம்பிகளில் வலை கட்டுவதும், ஓட்டத்தில் இருக்கும்போது உயிர்காப்பு அங்கியும் படகோடு பிணைக்கும் கச்சையும் போடாமல் பிள்ளைகளை வெளியே விடாததும் பேரம் பேச முடியாத விதிகள்.

இவ்வளவு இடம் இருந்தும் அதை நிரப்ப முடியாது என்பதுதான் கேட்டமரானின் வேடிக்கை. அதன் உடல்கள் ஒல்லி. சுமை ஏறினால் படகு தாழும். வேகம் போகும், நான் சொன்ன அந்த 'டமார்' இன்னும் கூடும். நாலு பேர் சிக்கனமாக இருந்தாலே ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 லிட்டர் நன்னீர் ஆகும். ஒரு வாரத்துக்கு 400 லிட்டர் என்று வைத்தால் அதுவே 400 கிலோ. அப்புறம் டப்பா உணவு, கருவிகள், உதிரி பாகங்கள், புத்தகங்கள், பொம்மைகள். காலி அலமாரியைக் காலியாகவே விட்டு வைக்கும் மனவுறுதி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு? மோனோஹல் இந்தச் சுமையை அவ்வளவாக முணுமுணுக்காமல் தாங்கும். கேட்டமரானின் அகலக் கூரையில் சூரியத் தகடுகளை நிறையப் பரப்பலாம் என்பது கொஞ்சம் ஈடு செய்கிறது. அந்த மின்சாரத்தில் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் ஓடினால் தொட்டி நிறையத் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.

செலவில் மோனோஹல் தெளிவாக முன்னே நிற்கிறது. கேட்டமரானில் இரண்டு என்ஜின், இரண்டு சுக்கான், பாசி சுரண்டிச் சாயம் பூச இரண்டு அடிப்பகுதி. பல மரீனாக்களில் கேட்டமரானுக்கு ஒன்றரை மடங்கு கேட்பார்கள்; அதற்கேற்ற அகலமான இடம் கிடைப்பதே பாடு. ஆனால் அதற்கு ஏறக்குறைய 1.2 மீட்டர் ஆழம் போதும், மோனோஹல்லுக்கோ 2 மீட்டர் வேண்டியிருக்கும். அதனால் கரைக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டு மரீனா பக்கமே போகாமல் இருந்துவிடலாம். கரைக்கு டிங்கி என்ற சின்னப் படகில் துணி மூட்டையோடு போய்வருபவர்களுக்கு அந்த நூறு, இருநூறு மீட்டர் குறைவதே பெரிய ஆறுதல்.

கவிழ்ந்தால்? பெருங்கடலுக்காகக் கட்டிய மோனோஹல் கீலின் கனத்தால் பெரும்பாலும் தானே நிமிரும், ஆனால் உள்ளே தண்ணீர் நிறைந்தால் மூழ்கும். கேட்டமரான் நிமிராது, ஆனால் பெரும்பாலும் தலைகீழாக மிதந்துகொண்டிருக்கும். இரண்டுமே அரிது, இதை மட்டும் வைத்துப் படகைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

வெதுவெதுப்பான கடலில், நங்கூரத்திலேயே வருடத்தை ஓட்டப்போகும் நாலு பேர் என்றால் கேட்டமரான். குளிர்ப் பிரதேசம், மரீனா வாழ்க்கை, இறுக்கமான பணம் என்றால் மோனோஹல். சின்ன அறை சீக்கிரம் சூடாகும். ஒரே விலையில் பழைய கேட்டமரானும் நல்ல நிலையில் உள்ள மோனோஹல்லும் வந்தால் நான் யோசிக்காமல் இரண்டாவதை எடுப்பேன். இன்னும் குழப்பம் என்றால், வாங்குமுன் இரண்டையும் ஒவ்வொரு வாரம் வாடகைக்கு எடுங்கள். பாயை விரிக்கவே வேண்டாம். அலை வரும் இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு மூன்று வேளை சமையுங்கள், துணி துவைத்துக் காயப்போடுங்கள். மழை பெய்யும் ஒரு நாளைப் பிள்ளைகளோடு உள்ளேயே கழித்துப் பாருங்கள்.