வருண மித்ரா: கோலார் பக்கம் நிலம் வைத்திருக்கும் பெங்களூர்க்காரர்களுக்கு

வேலை பெங்களூரில், நிலம் கோலார் பக்கம் என்று இருக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வருண மித்ரா என்று கர்நாடக அரசு நடத்தும் போன் சேவை ஒன்று இருக்கிறது, எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தாலுகாவையும் ஹோபளியையும் (தாலுகாவுக்குள் வரும் உட்பிரிவு) பஞ்சாயத்தையும் சொன்னால் அடுத்த சில நாளில் அங்கே மழை இருக்கா, காற்று எப்படி, வெயில் எவ்வளவு என்று சொல்வார்கள். பங்காருப்பேட்டை பக்கம் ராகி போடும் என் மாமா கொஞ்ச வருடமாக இதைக் கேட்காமல் மருந்து அடிப்பதில்லை. நல்ல சேவை, தயங்காமல் பயன்படுத்துங்கள். குறை இருப்பது இந்தப் போனில் இல்லை, இது சொல்வதைக் கேட்டு அரசாங்கத்தின் மற்ற பாகங்கள் எவ்வளவு மெதுவாக நகர்கின்றன என்பதில்தான்.

இதை நடத்துவது எலகங்காவில் இருக்கும் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம். 1988-இல் வறட்சியைக் கவனிப்பதற்கென்றே தொடங்கினார்கள், அப்புறம்தான் வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் சேர்ந்தது. மாநிலம் முழுக்கப் பஞ்சாயத்து அளவில் 6,000-க்கும் மேல் தானியங்கி மழைமானிகள் வைத்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் போனால் பஞ்சாயத்து ஆபீஸ் வளாகத்தில் பாருங்கள், சின்னக் கம்பி வேலிக்குள் ஒரு கம்பம், அதில் சோலார் தகடு, மேலே புனல் வைத்த டப்பா. விழுகிற மழையைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எலகங்காவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதனால் டிவியில் சொல்லும் "தெற்கு உள் கர்நாடகத்தில் ஆங்காங்கே மழை" மாதிரி இல்லாமல் நம் பஞ்சாயத்துக்கென்று ஒரு பதில் கிடைக்கிறது.

மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். அது ராகி அறுப்பு முடிந்து கதிர் வயலிலேயே காய்ந்துகொண்டிருந்த சமயம். போனை வைத்ததும், "மாப்ள, நாளைக்கு ராத்திரி மழை இருக்காம், இன்னைக்கே கதிரைப் போர் போட்டுடலாம், ஆளுக்குச் சொல்லு" என்றார். பொழுது சாய்வதற்குள் கட்டுக் கட்டி அடுக்கிப் படுதா போட்டாயிற்று. அறுத்த ராகி நனைந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும், வைக்கோலும் கறுத்துப்போய் மாடு முகர்ந்துகூடப் பார்க்காது என்பது தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு போனின் மதிப்பு தெரியும். பேச்சு கன்னடத்தில்தான், தங்கவயல் பக்கத்து ஆட்களுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. ஏப்ரல், மே மாதத்து இடிமழையை மட்டும் எந்த மையத்தாலும் ஊர் விட்டு ஊர் பிரித்துச் சொல்ல முடியாது, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், சூளகிரி பக்கம் நிலம் இருப்பவர்களுக்கு இது உதவாது, மாநில எல்லை தாண்டிவிடுகிறது.

இனி என்னைக் கோபப்படுத்தும் விஷயம். 2023 ஆகஸ்டு, 1901-க்குப் பிறகு இந்தியா பார்த்த ஆகஸ்டுகளிலேயே மிகவும் வறண்டது. விதைத்த ராகி முளைத்து நாலு இலை விட்டு அப்படியே சுருண்டது. எந்தத் தாலுகாவில் எத்தனை வாரம் மழை இல்லை என்பது மையத்தில் அன்றன்றைக்கே பதிவாகிறது. ஆனாலும் வறட்சி என்று அறிவிக்க, 2016-இல் வந்த மத்திய அரசின் கையேட்டுப்படி முதலில் மழைக் கணக்கு, அப்புறம் பயிர், மண் ஈரம், செயற்கைக்கோள் படம், நீர்நிலை, கடைசியாக ஊர் ஊராக நேரில் போய்ச் சரிபார்ப்பு. செப்டம்பரில் 195 தாலுகாக்களை அறிவித்தார்கள், வருடம் முடிவதற்குள் அப்போதைய கணக்கில் மொத்தம் 236-இல் 223 ஆனது. பணம்? மாநில அரசு முதல் தவணையாக விவசாயிக்கு 2,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது நவம்பர் கடைசியில். மத்திய நிதிக்காகக் கர்நாடகம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 18,000 கோடிக்கு மேல் கேட்டதில் சுமார் 3,450 கோடி வந்தது 2024 ஏப்ரல் கடைசியில். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். அடுத்த விதைப்புக்கு உழவு ஓட்டும் நேரத்தில் போன விதைப்பின் நிவாரணம் வந்தால் வட்டிக்கு வாங்கியவன் என்ன செய்வான்?

பெங்களூரிலும் அதே கதைதான். மழை பொய்த்தது ஆகஸ்டில், தண்ணீர் டேங்கருக்கு உச்ச விலை நிர்ணயித்தது 2024 மார்ச் 7-ஆம் தேதி. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று விலை வைத்தார்கள், அதற்குள் எங்கள் தெருவுக்கு வரும் டேங்கர்காரர் அதே லோடுக்கு 2,000 வாங்கிக்கொண்டிருந்தார். அரசு போட்ட சுமார் 14,000 போர்வெல்லில் ஏறக்குறைய பாதி வற்றியிருந்தது. போர்வெல் ஒரே நாளில் வற்றுவதில்லை, அக்டோபரிலேயே உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

இந்தச் சேவையோடு இன்னும் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தால்தான் முழுப் பலன். ஒன்று, மழை தள்ளிப்போனால் எதை விதைப்பது என்று ஹைதராபாத்தில் இருக்கும் மானாவாரி வேளாண்மை ஆய்வு நிறுவனமான கிரிடா மாவட்டத்துக்கு மாவட்டம் மாற்றுத் திட்டம் தயாரித்திருக்கிறது, இரண்டு வாரம் தாமதமானால் என்ன, ஆறு வாரம் ஆனால் என்ன என்று அதில் பிரித்தே சொல்லியிருக்கும். உங்கள் ஹோபளியில் இருக்கும் வேளாண் துறை அலுவலகமான ரைத சம்பர்க்க கேந்திரத்தில் போய்க் கேளுங்கள், குறைந்த நாள் ராகியா கொள்ளா என்று அங்கே முடிவு செய்யலாம். இன்னொன்று இதைவிட முக்கியம்: ஃப்ரூட்ஸ் பதிவு, அதாவது கர்நாடக அரசின் விவசாயிகள் பட்டியலில் நிலத்தோடு பெயரைச் சேர்ப்பது. நிவாரணப் பணம் அந்தப் பதிவு எண்ணை வைத்துத்தான் வங்கிக் கணக்குக்கு வருகிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே கிடக்கிற வீடுகள் நம்மவர்களில் எத்தனை! மாமா வீட்டில் பங்கு பிரித்தும் பெயர் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதைச் சரிசெய்ய ஓர் அலுவலகத்தில் "அடுத்த வாரம் வாங்க" என்று அலைய விட்டது தனிக் கதை. மழைக்காலம் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். நாலு வாரம் சேர்ந்தாற்போல் மழை வழக்கமான அளவில் பாதிக்கும் கீழே போய்விட்டது என்று பஞ்சாயத்து மழைமானி சொன்னால், அந்தப் பதிவையே ஆதாரமாக வைத்து முதல் தவணையை அனுப்புங்கள். சரிபார்ப்பு, செயற்கைக்கோள் படம் எல்லாம் மீதித் தவணைக்கு நடக்கட்டும்.