அம்மா போட்ட கிரேடு செல்லுமா? அமெரிக்க ஹோம்ஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டுக்கு மூன்று வழிகள்

அமெரிக்காவில் பிள்ளையை எட்டாம் வகுப்புவரை வீட்டில் படிக்க வைப்பது பெரும்பாலான மாநிலங்களில் அவ்வளவு கடினமல்ல. ஒன்பதாம் வகுப்பு நெருங்கும்போதுதான் பெற்றோருக்குத் தூக்கம் போகிறது. பாடம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்ற கவலையைவிடக் காகிதக் கவலைதான் பெரிது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை என்னென்ன படித்தான், எத்தனை கிரெடிட், என்ன கிரேடு என்று ஓரிரு பக்கத்தில் காட்டும் டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரி கேட்கும். அதில் யார் கையெழுத்துப் போடுவது?

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. பெற்றோரே டிரான்ஸ்கிரிப்ட் தயாரித்துக் கையெழுத்திடலாம். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பள்ளியிலோ, பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ‘அம்ப்ரெல்லா ஸ்கூல்’ ஒன்றிலோ சேர்த்து, அவர்கள் கையால் வாங்கலாம். அல்லது பிள்ளையைப் பள்ளி வயதிலேயே உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜுக்கு அனுப்பி, பள்ளிப் படிப்போடு கல்லூரிப் பாடமும் எடுக்கும் டூயல் என்ரோல்மென்ட் வழியாகக் கல்லூரியின் கிரேடையே பெறலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வழியே அடித்தளமாக இருக்க வேண்டும், அதன்மேல் மூன்றாவதிலிருந்து நாலைந்து பாடங்கள் சேர்ந்தால் போதும். இரண்டாவது வழிக்குப் பணம் கொட்டுவது சில நிலைமைகளில் மட்டுமே தேவை. அந்த நிலைமைகளில் ஒன்று நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அடிக்கடி வருவது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிரெடிட் என்பது எவ்வளவு?

ஒரு கிரெடிட் என்றால் ஏறத்தாழ 120 மணி நேரப் படிப்பு. இதற்கு ‘கார்னகி யூனிட்’ என்று பெயர். 1905-இல் ஆண்ட்ரூ கார்னகி கல்லூரி ஆசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியில் பங்கு வேண்டுமென்றால், 14 யூனிட் உயர்நிலைப் படிப்பை முடித்த மாணவர்களையே சேர்க்க வேண்டும் என்று கல்லூரிகளுக்கு நிபந்தனை வைத்தார்கள். நாடு முழுவதும் இந்த அளவு பரவியது அப்படித்தான். ஓய்வூதியக் கணக்குக்காகப் பரவிய அளவுகோல் இது, பிள்ளை எவ்வளவு கற்றான் என்பதை அளக்க வந்ததல்ல. இதைத் தெரிந்துகொண்டால் மணிக் கணக்கைப் பார்த்து நடுங்க மாட்டோம். அல்ஜீப்ரா புத்தகம் முழுவதையும் ஒரு பிள்ளை 95 மணி நேரத்தில் புரிந்து முடித்துவிட்டால் அதுவும் ஒரு கிரெடிட்தான். பாடப்புத்தகம் இருக்கும் பாடங்களுக்குப் புத்தகத்தை முடிப்பது கணக்கு. இசை, நடனம், சமையல் போன்றவற்றுக்கு மணிகளை எழுதி வையுங்கள்.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு வழக்கமாக ஆங்கிலம் நான்கு, கணிதம் மூன்று அல்லது நான்கு, ஆய்வகத்தோடு அறிவியல் மூன்று, வரலாறும் சமூக அறிவியலும் மூன்று, ஒரே அயல்மொழியில் இரண்டு, மீதி விருப்பப் பாடங்கள் என்று 22-இலிருந்து 26 கிரெடிட்வரை வரும். மூன்று வழிகளிலும் இந்தப் பட்டியல் மாறுவதில்லை. அதற்கு யார் சாட்சி சொல்கிறார்கள் என்பதுதான் மாறுகிறது.

பெற்றோர் கையெழுத்து

அம்மா போட்ட ஏ கிரேடை யார் நம்புவார்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கல்லூரிகளுக்கு இது புதிதல்ல. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலேயே ஹோம்ஸ்கூல் பிள்ளைக்குப் பெற்றோர் கவுன்சிலராக, அதாவது பள்ளி ஆலோசகராகப் பதிவு செய்துகொள்ளலாம். டிரான்ஸ்கிரிப்ட், பள்ளி பற்றிய குறிப்பு, கவுன்சிலர் கடிதம் மூன்றையும் நீங்களே ஏற்றுவீர்கள். கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் பள்ளிக் குறியீடு கேட்கும் இடத்தில் ஹோம்ஸ்கூலுக்கென்றே 970000 என்ற எண் இருக்கிறது. படிப்பை மாநிலச் சட்டப்படி வீட்டில் முடித்த பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கும் தகுதி உண்டு. டெக்சஸில் ஹோம்ஸ்கூல் தனியார் பள்ளிக்குச் சமம் என்று 1994-இல் லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது.

இந்த வழியில் செலவு மிகக் குறைவு, சுதந்திரம் மிக அதிகம். உயிரியலில் பித்துப் பிடித்த பெண்ணுக்குத் தாவரவியலை மட்டும் ஒரு வருடம் கொடுக்கலாம். பொருளியலை அரை கிரெடிட்டாக வைத்துவிட்டு மீதி நேரத்தை ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்குக் கொடுக்கலாம். எந்த ஆன்லைன் பள்ளியும் இந்த அளவுக்கு வளைந்து கொடுக்காது.

விலை வேறு விதத்தில் வருகிறது. எழுதுவது முழுக்க உங்கள் தலையில். டிரான்ஸ்கிரிப்ட் ஓரிரு பக்கம்தான், ஆனால் கூடவே பாட விளக்கங்கள் வேண்டும்: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பத்தி, என்ன புத்தகம், என்ன சோதனைகள், கிரேடை எப்படிக் கணக்கிட்டீர்கள். இதைப் பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபரில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் அந்த வருடப் பாடங்களுக்கு எழுதி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, எல்லாப் பாடத்திலும் 4.0, அதாவது முழு ஏ கிரேடு இருந்து வெளியாள் சாட்சி ஒன்றுகூட இல்லாவிட்டால், அந்த 4.0-இல் படிப்பதற்கு ஒன்றுமில்லை. எஸ்.ஏ.டி. மதிப்பெண்களும், கல்லூரித் தரப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு மதிப்பெண்களும் இங்கேதான் கைகொடுக்கும். எம்.ஐ.டி. 2022-இலும் யேல், ஹார்வர்டு, கால்டெக் போன்றவை 2024-இலும் தேர்வுக் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. ‘டெஸ்ட் ஆப்ஷனல்’ (தேர்வு கட்டாயமில்லை) என்று சொல்லும் கல்லூரிகளிலும் சில, ஹோம்ஸ்கூல் பிள்ளையிடம் மட்டும் மதிப்பெண் கேட்கும். ஏ.பி. விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிடம் பாடத்திட்டத்தை அனுப்பி ஒப்புதல் வாங்காமல் டிரான்ஸ்கிரிப்டில் ‘ஏ.பி. கெமிஸ்ட்ரி’ என்று போடக் கூடாது. ‘அட்வான்ஸ்டு கெமிஸ்ட்ரி’ என்று எழுதி, தேர்வு மதிப்பெண்ணைத் தனியே காட்டலாம். மே மாதத் தேர்வுக்கு உங்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் பள்ளியை முந்தைய செப்டம்பருக்குள் பிடித்துவிடுங்கள். நவம்பரில் கெடு முடிந்துவிடும்.

அங்கீகாரம் பெற்ற பள்ளி

காக்னியா, வாஸ்க் போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பள்ளியில் சேர்த்தால் பாடம், ஆசிரியர், கிரேடு, டிப்ளமா எல்லாம் அவர்கள் பொறுப்பு. காகித வேலை போய்விடும், பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பள்ளிக்குப் போவதுபோல் ஆகிவிடும். வீட்டில் வைத்துப் படிக்க வைக்க எந்தக் காரணத்துக்காக முடிவெடுத்தீர்களோ, அந்தக் காரணம் இதில் தப்பிப் பிழைக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்திலும் வீச்சு அதிகம். ஸ்டான்ஃபோர்டு ஆன்லைன் உயர்நிலைப் பள்ளியில் முழுநேரக் கட்டணம் வருடத்துக்கு 25,000 டாலரைத் தாண்டும். ஃப்ளோரிடாவில் வசிப்பவர்களுக்கோ, ஃப்ளோரிடா வர்ச்சுவல் ஸ்கூலின் தனித்தனிப் பாடங்கள் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கும் இலவசம்.

அம்ப்ரெல்லா ஸ்கூல் வேறு வகை. டென்னசி, அலபாமா போன்ற மாநிலங்களில் இது பரவலான வழக்கம். பாடம் நடத்துவதும் கிரேடு போடுவதும் நீங்கள், பதிவேட்டை வைத்துக்கொண்டு முத்திரையிட்டுத் தருவது அவர்கள். அங்கீகாரமே இல்லாத அம்ப்ரெல்லா பள்ளிகளும் நிறைய. அப்படியானால் நீங்களே எழுதியதை வேறொருவர் லெட்டர்ஹெட்டில் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். கட்டணம் கட்டுமுன் அங்கீகாரம் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வழி கட்டாயமாகும் இடங்கள் உண்டு. பத்தாம் வகுப்பு முடிந்து பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகலாம் என்ற எண்ணம் இருந்தால், பெற்றோர் போட்ட கிரெடிட்டை ஏற்க மறுக்கும் பள்ளி மாவட்டங்கள் பல. ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வு எழுதச் சொல்பவர்களும் உண்டு.

நான் முன்பு சொன்ன நிலைமை இந்தியா திரும்புவது. கிரீன் கார்டு வரிசையில் காத்திருக்கும் குடும்பங்கள் பாதியில் ஊர் திரும்ப நேரலாம், அல்லது பிள்ளை மருத்துவம் படிக்கச் சென்னைக்கோ கோவைக்கோ போக நினைக்கலாம். அங்கே வெளிநாட்டுப் பள்ளிப் படிப்புக்கு அதற்குரிய அமைப்பிடம் சமநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கும். அவர்கள் பார்ப்பது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் டிப்ளமாவை. அம்மா கையெழுத்திட்ட டிப்ளமாவோடு அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். இந்தியா திரும்பப் பத்தில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தாலும், ஒன்பதாம் வகுப்பிலேயே இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் பின்னோக்கிப் போய்ச் சரிசெய்ய முடியாது.

கம்யூனிட்டி காலேஜ்

மூன்றிலும் எனக்கு மிகவும் பிடித்த வழி இது, மிகவும் பயப்பட வேண்டியதும் இதுதான்.

பிடித்ததற்குக் காரணம், பெற்றோர் கிரேடை யார் நம்புவார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை. முன்பின் தெரியாத பேராசிரியர், முன்பின் தெரியாத வகுப்பு, உண்மையான ஆய்வகம். சமையலறையில் வேதியியல் சோதனை செய்து மாளாத பெற்றோருக்கு அந்த ஆய்வகம் ஒன்றே போதும். ஒரே செமஸ்டரில் முடியும் மூன்று கிரெடிட் கல்லூரிப் பாடத்தை ஹோம்ஸ்கூல் வழக்கில் ஒரு முழு வருட உயர்நிலைப் பாடமாகக் கணக்கிடுகிறார்கள். செலவும் பல மாநிலங்களில் குறைவு. ஃப்ளோரிடாவில் ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு டூயல் என்ரோல்மென்ட் கட்டணம் இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட், ஒஹையோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் என்ற டூயல் என்ரோல்மென்ட் திட்டங்கள் இரண்டும் ஹோம்ஸ்கூல் பிள்ளைகளையும் ஏற்கின்றன. ஒஹையோவில் வசந்த காலத்திலேயே விருப்பக் கடிதமும் நிதி விண்ணப்பமும் போய்ச் சேர வேண்டும்.

பயம் எதற்கென்றால், அந்த கிரேடு அழியாது. பதினைந்து வயதில் வாங்கிய சி, கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரமாக உட்காரும். மருத்துவக் கல்லூரிக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில், பள்ளி வயதில் எடுத்த கல்லூரிப் பாடங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும், கிரேடு சராசரியான ஜி.பி.ஏ.வும் அதையும் சேர்த்துத்தான். பிள்ளை டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் நம் வீடுகளில்தான் அவசரப்பட்டு ஒன்பதாம் வகுப்பிலேயே கல்லூரி வேதியியலில் சேர்க்கிறார்கள். தயவுசெய்து பொறுங்கள். பிள்ளைக்கு எளிதாக வரும் ஒரு பாடத்தைப் பத்தாம் வகுப்பு முடிவில் எடுக்கட்டும், அதில் ஏ வந்தால் அடுத்த செமஸ்டரில் இரண்டாக்கலாம்.

கல்லூரியில் சேர்ந்த அன்றே கல்விப் பதிவேட்டின் மீதான உரிமை, வயது என்னவாக இருந்தாலும், கல்விப் பதிவேடுகளின் அந்தரங்கத்தைக் காக்கும் ஃபெர்பா சட்டப்படி மாணவர் கைக்குப் போய்விடுகிறது. பேராசிரியரை அழைத்து ‘என் மகன் ஏன் தேர்வில் குறைந்தான்’ என்று கேட்க உங்களுக்கு உரிமை கிடையாது. இதுவரை எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஆசிரியர். இனிக் கெடுவைத் தவறவிட்டால் மின்னஞ்சல் எழுத வேண்டியது அவன்தான். அதற்குப் பிள்ளை தயாரா என்பதே இந்த வழியின் நுழைவுத் தேர்வு.

மாநிலம் மாறினால் விடையும் மாறும்

கலிஃபோர்னியாவில் அக்டோபர் 1 முதல் 15 வரையிலான நாட்களில் தனியார் பள்ளிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து வீட்டில் படிக்க வைப்பவர்களுக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கேட்கும் ‘ஏ–ஜி’ பாடப் பட்டியலில் உங்கள் வீட்டுப் பாடங்கள் சேராது. அவர்கள் எஸ்.ஏ.டி.யையும் சேர்க்கையில் பார்ப்பதில்லை. அங்கே மூன்றாவது வழிக்கு ஈடே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றத்தக்க ஒரு செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை ஒரு வருட உயர்நிலைப் பாடமாகவே அவர்கள் ஏற்கிறார்கள். பென்சில்வேனியாவில் 2014-ஆம் ஆண்டின் சட்டம் 196, பெற்றோர் தரும் டிப்ளமாவுக்கு அரசின் ஏற்பைக் கொடுத்துவிட்டது, மதிப்பீட்டாளர் கையெழுத்து இருந்தால் போதும். அங்கே இரண்டாவது வழிக்குக் காசு கொடுக்க எனக்குக் காரணமே தெரியவில்லை. நியூயார்க்கில் ஆண்டுத் திட்டம், நான்கு காலாண்டு அறிக்கை, ஏழாம் வகுப்பு முதல் வருடத்துக்கு 990 மணி என்று கெடுபிடி அதிகம். அந்த அறிக்கைகளின் நகலை வைத்திருந்தால் டிரான்ஸ்கிரிப்டுக்குப் பாதி வேலை முடிந்தது.

தமிழுக்கு ஒரு கிரெடிட்

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு அயல்மொழியாக ஸ்பானிஷ்தான் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் 1, 2, 3 என்று மூன்று கிரெடிட் போடலாம், ஆனால் பேச்சுத் தமிழுக்குக் கிரெடிட் கொடுக்காதீர்கள். படிக்கவும் எழுதவும் வருடத்துக்கு 120 மணி உழைத்திருக்க வேண்டும். ஏ.பி.யில் தமிழ் இல்லாததால் வெளிச்சாட்சிக்கு ஏ.சி.டி.எஃப்.எல். வாய்மொழித் தேர்வும் ஸ்டாம்ப் தேர்வும் என்று இரண்டு மொழித்திறன் தேர்வுகள் இருக்கின்றன, இரண்டிலும் தமிழ் உண்டு. அங்கீகாரம் பெற்ற தமிழ்ப் பள்ளி அருகில் இருந்தால் அவர்கள் தரும் கிரேடே போதும். பரதநாட்டியத்தையும் கர்நாடக சங்கீதத்தையும் நுண்கலைக் கிரெடிட்டாகக் காட்டலாம். அதே மணிகளைப் பாடத்திட்டத்துக்கு வெளியே செய்தது என்று இரண்டாம் முறை எழுதாதீர்கள், சேர்க்கை அலுவலர் உடனே கவனிப்பார்.

கடைசியாக அனுப்பும் வேலை. இறுதி டிரான்ஸ்கிரிப்டில் படிப்பு முடிந்த தேதி, வெயிட்டட் (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்பு தந்தது), அன்வெயிட்டட் (அப்படித் தராதது) ஜி.பி.ஏ. இரண்டும், கிரேடு அளவுகோல், உங்கள் கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். நோட்டரி முன்னிலையில் கையெழுத்திடச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை உங்கள் டிரான்ஸ்கிரிப்டிலேயே குறித்திருந்தாலும், அந்தக் கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வப் பிரதி தனியே, நேராகப் போய்ச் சேர வேண்டும். படித்த கல்லூரி இரண்டென்றால் பிரதியும் இரண்டு.