டிஸ்கார்டில் ஒரு பிறந்தநாள்: நேர வரம்பில்லாத குரல் அறை

தமிழ்க் குறுக்கெழுத்துப் புதிர்கள் வழியே பழக்கமான எங்கள் குழுவில் கும்பகோணம், சென்னை, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ ஆகிய ஊர்களில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எங்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. குழுவின் மூத்தவரான கும்பகோணத்து அக்காவின் அறுபதாவது பிறந்தநாள் ஜூன் மாதத்தில் வந்தபோது, டிஸ்கார்ட் சேவையில் கூடிக் கொண்டாடினோம். இத்தகைய கூடுகைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதே இந்த மதிப்புரை.

கணினி விளையாட்டு ஆடுவோர் ஆட்டத்தின் நடுவே தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று 2015-இல் வெளிவந்த சேவை இது. குழுவுக்கென 'சர்வர்' எனப்படும் ஒரு தனி இடத்தை இலவசமாகத் தொடங்கி, அதற்குள் எழுத்து உரையாடலுக்கும் குரல் உரையாடலுக்கும் 'சேனல்' எனப்படும் தனித்தனி அறைகளை வைத்துக்கொள்ளலாம். குரல் சேனலில் யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்தே தெரியும், விரும்பியபோது நுழையலாம், அடுப்பைப் பார்க்க வேண்டியிருந்தால் விலகிவிட்டுத் திரும்பி வரலாம். கூடும் நேரத்தை 'நிகழ்வு' என்று முன்கூட்டியே பதிந்துவிட்டால், அது அவரவர் ஊர் நேரத்தில் காட்டப்படுகிறது. இந்தியாவில் இரவு 7.30 என்று நாங்கள் குறித்தது லண்டனில் பிற்பகல் 3 மணியாகவும், டொராண்டோவில் காலை 10 மணியாகவும், சிங்கப்பூரில் இரவு 10 மணியாகவும் தெரிந்ததால், நேரக் கணக்கில் எவருக்கும் குழப்பம் நேரவில்லை.

ஆயினும் இதை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் வேறு. ஜூமின் இலவசக் கணக்கில் கூட்டத்துக்கு 40 நிமிட வரம்பும், கூகுள் மீட்டின் இலவசக் கணக்கில் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடினால் 60 நிமிட வரம்பும் உண்டு. டிஸ்கார்டின் குரல் சேனலுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. கேக் வெட்டுவதும் வாழ்த்துவதும் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். மனம் விட்டுப் பேசும் பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. சிறுவயதில் என்னவாக வேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள் என்று லண்டன் நண்பர் கேட்டதற்கு, மேட்டூர் அணையைத் திறந்துவிடுபவராக வேண்டும் என்று விரும்பியதாக அக்கா சொன்னார். டெல்டாப் பாசனத்துக்காக மேட்டூரைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அன்றைக்குத் திறப்பார்களா, மாட்டார்களா என்பதைப் பொறுத்தே அவர் வீட்டில் குறுவைச் சாகுபடி முடிவாகும் என்பதால், தமிழ்நாட்டிலேயே மிகப் பெரிய வேலை அதுதான் என்று அவர் நம்பியிருந்தார். அந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டாராம். கணக்கு நன்றாகப் படிக்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல, அப்படியே படித்து, கடைசியில் கணக்கு ஆசிரியராகவே பணியாற்றி ஓய்வு பெற்றார்.

டொராண்டோ நண்பர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்; யாழ்தேவி ரயிலின் என்ஜின் ஓட்டுநராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1990-இல் போரினால் யாழ்ப்பாணத்துக்கான ரயில் போக்குவரத்து நின்றபோது அவருக்கு எட்டு வயது. 2014 அக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த செய்தியை, கனடாவில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் இருந்தபடி படித்ததாகச் சொன்னார். இடையிடையே நீண்ட நேரம் பேசாமல் இருந்துதான் இதைச் சொல்லி முடித்தார். குறுக்கே எவரும் பேசவில்லை. நிமிடங்கள் குறைந்துகொண்டே வரும் ஒரு கூட்டத்தில் அவர் இதைத் தொடங்கியிருக்கவே மாட்டார் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கேமராவை அணைத்துவைத்துக் குரலால் மட்டும் பேசுவது இங்கே இயல்பானது என்பதும் அவருக்கு உதவியிருக்க வேண்டும். ஒலி 96.8 வானொலியில் அறிவிப்பாளராக விரும்பிய சிங்கப்பூர்த் தோழி, அடுத்து அறிவிப்பாளர் குரலிலேயே அக்காவுக்கு வாழ்த்துச் செய்தி வாசித்தார்.

சேர்ந்து பாடுவதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாப் பிறந்தநாள் கூட்டங்களும் தடுமாறும் இடம் அதுதான். சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேர்க்கோட்டுத் தூரமே 13,000 கிலோமீட்டருக்கு மேல். இணையத்தைக் கொண்டுசெல்லும் ஒளியிழைக் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், ஒரு குரல் போய்ச்சேரக் குறைந்தது 65 மில்லி விநாடியாவது ஆகும். கம்பி சுற்றிச் செல்லும் தொலைவையும் செயலி எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். 30 மில்லி விநாடியைத் தாண்டினாலே சேர்ந்து பாடுவோருக்குத் தாளம் பிசகத் தொடங்கிவிடும் என்பதால், இதை எந்தச் செயலியாலும் சரிசெய்ய இயலாது. ஒருவர் மட்டும் பாட, மற்றவர்கள் மைக்கை அணைத்துக்கொள்வதே வழி. பாடுபவர் தமது அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தையும் அணைத்துவிட வேண்டும். பேச்சுக் குரலைத் தவிர மற்றவற்றை வடிகட்டுவதற்காக அமைந்த அந்த வசதி, கைத்தட்டலையும் சுருதிப் பெட்டியையும் இரைச்சல் என்று எண்ணி விழுங்கிவிடக்கூடும்.

குறைகளும் உண்டு. இலவசக் கணக்கில் 10 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அனுப்ப முடியாது என்பதால், கேக் வெட்டும் காணொளியை வேறு வழியில்தான் பகிர வேண்டும். சர்வரில் சேர்வதற்காக அனுப்பும் அழைப்பு இணைப்பு (லிங்க்) தானாக ஏழு நாட்களில் காலாவதியாகும். முன்னதாக அனுப்புபவர்கள் அந்தக் காலவரம்பை மாற்றிக்கொள்வது நல்லது. குரலுக்கும் காணொளிக்கும், பேசுபவர்களைத் தவிர வேறு எவரும் கேட்க முடியாதபடி காக்கும் முழுமையான மறையாக்கத்தை 2024-இல் கொண்டுவரத் தொடங்கினார்கள்; எழுத்துச் செய்திகளுக்கு அது இல்லை என்பதால், வீட்டு முகவரி போன்றவற்றை அங்கே எழுதிவைக்க வேண்டாம்.

மொழி பற்றிய குறைதான் என்னை உண்மையிலேயே வருத்துகிறது. இந்தி உட்படப் பல மொழிகளில் இயங்கும் இந்தச் செயலியின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. பொத்தான்கள் மிகுந்த திரை, ஆங்கிலம் பழகிய இளையோருக்கே முதல் நாளில் மலைப்பைத் தரும். மூத்தவர் எவருக்கேனும் இங்கே விழா எடுக்க விரும்புபவர்கள், அவரை விழாவுக்கு முன்பே ஒருமுறை குரல் சேனலுக்குள் அழைத்து, மைக்கைத் திறக்கவும் மூடவும் பழக்கிவிடுங்கள். அன்றைய மாலைக்கு அவருக்கு வேறு எந்தப் பொத்தானும் தேவைப்படாது.