செர்ட்ராலின் ரெண்டரை வருஷம்: கால் நிக்காத அந்த மூணு வாரம்

டிப்ரஷனுக்கு செர்ட்ராலின் ஆரம்பிச்சு ரெண்டரை வருஷம் ஆச்சு, மாத்திரை எனக்கு நல்லாவே கேட்டுச்சு, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா டோஸ 50 மில்லிகிராம்ல இருந்து 100-க்கு ஏத்துனப்ப வந்த மூணு வாரத்த பத்தி எழுதியே ஆகணும், ஏன்னா அதுக்குன்னு ஒரு பேர் இருக்கறதே எனக்கு தெரியாது.

கோத்தகிரில தையல் கடை வச்சிருக்கேன். டோஸ் ஏத்தி அஞ்சாறு நாள்ல உக்கார முடியாம போச்சு. வலி இல்ல, மரத்துப் போகவும் இல்ல, தொடைக்குள்ள இருந்து யாரோ எந்திரி எந்திரின்னு தள்ளுற மாதிரி. மெஷின்ல பெடல் மிதிக்கிறப்ப பரவால்ல, கால் ஓடிட்டே இருக்கும்ல, ஆனா காஜா எடுக்க, ஹெம்மிங் பண்ண ஊசிய எடுத்தா ரெண்டு நிமிஷம் தாங்காது, எந்திரிச்சு கட்டிங் டேபிள சுத்தி சுத்தி வருவேன். ராத்திரி அந்த குளிர்லயும் கம்பளிய உதறிட்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடை. "என்னம்மா, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துற"ன்னு மாமியார் பயந்துட்டாங்க. குன்னூர் பஸ்ல ஒருநாள் முடியவே முடியாம வண்டிச்சோலைலயே இறங்கி மழையில நடந்தேன்.

டாக்டர்ட்ட "படபடப்பா இருக்கு"ன்னுதான் சொன்னேன், அவரும் பதட்டம்னு நெனச்சு டோஸ இன்னும் ஏத்தலாம்னுட்டார். பயந்து வேற டாக்டரம்மாகிட்ட போனேன், அவங்க கேட்டது ஒண்ணுதான், "மனசு ஓடுதா, கால் ஓடுதா?" கால்தாங்கன்னேன். இதுக்கு பேர் அகதீசியா, டிப்ரஷன் மாத்திரை ஆரம்பிக்கிறப்பவோ டோஸ் ஏத்துறப்பவோ சில பேருக்கு வரும்னாங்க. மறுபடி 50 ஆக்கி, கால் தவிப்பு அடங்க கொஞ்ச நாளைக்கு ப்ரோப்ரானலால்னு ஒரு மாத்திரை குடுத்தாங்க, வீசிங் இருக்கான்னு ரெண்டு தடவ கேட்டுட்டுதான் எழுதுனாங்க, ஆஸ்துமா இருக்கறவங்களுக்கு அது ஆகாது. பத்து நாள்ல கால் அடங்குச்சு.

அந்த மூணு வாரத்துல செத்துடலாம்னு தோணுச்சு. டிப்ரஷன்தான் திரும்புதுன்னு நெனச்சேன், ஆனா இந்த கால் அவஸ்தையே அப்படி தோண வைக்குமாம். அப்படி தோணுனா தயவுசெஞ்சு அன்னிக்கே டாக்டர பாருங்க, நடுராத்திரினா 14416-க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், இலவசம், தமிழ்ல பேசலாம். மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, நான் ரெண்டு நாள் நிறுத்தி தலைக்குள்ள சுருக் சுருக்னு கரண்ட் அடிக்கிற மாதிரி ஆகி படுத்துட்டேன். டாக்டர்கிட்ட வெறும் படபடப்புன்னு சொல்லாம "உக்கார முடியல, நடந்தா கொஞ்சம் தேவலை"ன்னு அப்படியே சொல்லுங்க.

இப்ப 50-லதான் இருக்கேன். ஜூன்ல ஸ்கூல் யூனிஃபார்ம் குவிஞ்சு கெடந்தப்ப ராத்திரி பதினோரு மணி வரைக்கும் உக்காந்து காஜா எடுத்தேன், கால் பாட்டுக்கு சும்மா கெடந்துச்சு.