"போனே வேண்டாம், வாட்ச்லயே பாட்காஸ்ட் கேட்கலாம்" என்று சொல்லி விற்றால் உஷார்

கோவை காந்திபுரத்தில் ஒரு மொபைல் கடையில் ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். விலை 4,499 ரூபாய். ஒரே ஒரு தேவைக்காகத்தான் வாங்கினேன். காலையில் ரேஸ் கோர்ஸில் நடக்கும்போது போனை வீட்டில் வைத்துவிட்டு, வாட்சில் இருந்தே பாட்காஸ்ட் கேட்க வேண்டும். சுடிதாரில் பாக்கெட் கிடையாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒரு சுற்று முடிவதற்குள் ஆபீஸ் மெசேஜ் எல்லாம் வந்து விழும். கடைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் இதைத் தெளிவாகக் கேட்டேன். "ஃபோனே வேண்டாங்க்கா, வாட்ச்லயே கேட்கலாம்" என்று பதில் வந்தது.

கடையில் செய்தும் காட்டினார்கள். கவுன்டரில் இருந்த தம்பி வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு திரையில் இருந்த பட்டனைத் தொட்டார். ஒரு தமிழ் பாட்காஸ்ட் பேச ஆரம்பித்தது. சத்தம் வாட்சின் ஸ்பீக்கரில் இருந்துதான் வந்தது, காதருகே வைத்துக் கேட்டேன். நிறுத்தினார், நின்றது. அடுத்த எபிசோடு என்றார், மாறியது. அவருடைய போன் சட்டைப் பையில் இருந்தது. பேச்சு அந்தப் போனில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிய வழியே இல்லை.

மறுநாள் காலை வீட்டில் ஓடவிட்டேன். நன்றாகப் பேசியது. போனை மேஜையில் வைத்துவிட்டு மாடிப்படி இறங்கினேன். கீழ்ப்படிக்கு வருவதற்குள் விட்டு விட்டுக் கேட்டது. கேட்டைத் தாண்டியதும் சுத்தமாக நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ப்ளூடூத் காலிங் என்று விற்கும் மலிவு விலை வாட்சுகளில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் இருக்கும். போன் பேசுவதற்காக வைத்தது. போனைப் பொறுத்தவரை அந்த வாட்ச் ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர், அவ்வளவுதான். திரையில் தெரியும் பட்டன்கள் போனில் ஓடுவதை நிறுத்தவும் மாற்றவும் மட்டுமே. நான் வாங்கிய வாட்சுக்குள் ஆடியோவைச் சேமிக்க இடம் கிடையாது, பாட்காஸ்ட் செயலி எதையும் ஏற்ற முடியாது, இயர்பட்ஸை நேராக அதனுடன் இணைக்கவும் முடியாது. அட்டைப் பெட்டியில் 'மியூசிக் கன்ட்ரோல்' என்று மட்டும் சின்ன எழுத்தில் இருக்கும். போடாததைப் போட்டிருப்பதாகச் சொல்வது கடைக்காரர் வாய்தான்.

திரும்பக் கொண்டுபோனேன். பாக்ஸ் பிரித்துவிட்டீர்கள், எடுக்க முடியாது என்றார்கள். பில்லிலும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தது. விடாமல் நின்று கேட்டதும் வேறொரு வாட்சை எடுத்தார்கள். "இதுல 4 ஜிபி மெமரி இருக்குங்க்கா, 2,000 மட்டும் சேர்த்துக் குடுங்க." இந்த முறை என் போனையும் அந்தத் தம்பியின் போனையும் ஸ்விட்ச் ஆஃப் செய்யச் சொல்லி, இயர்பட்ஸை வாட்சிலேயே இணைத்துப் பார்த்தேன். ஒரு பாட்டு ஓடியது. சரி என்று பணத்தைக் கட்டினேன்.

அது பாட்டு கேட்க மட்டும் சரிப்பட்டு வரும் வாட்ச். பாட்காஸ்ட் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேர எபிசோடு 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 58 எம்பி வரும். 4 ஜிபியில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஏற்றும் வழி அந்த வாட்சின் செயலி மூலம் ப்ளூடூத்தில் மட்டும்தான். ஒரு எபிசோடு ஏறி முடிப்பதற்குள் சமையலே முடிந்துவிடும். எம்பி3 தவிர வேறு வகைக் கோப்பை எடுக்காது. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, விட்ட இடம் அதற்கு நினைவில் இருக்காது. நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தி, மறுநாள் தொட்டால் "வணக்கம்" என்று முதலில் இருந்து ஆரம்பிக்கும். பதினைந்து நொடி, முப்பது நொடி தாண்டும் பட்டனும் கிடையாது. மூன்று நிமிடப் பாட்டுக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஒரு மணி நேரப் பேச்சுக்கு இது இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. கடையில் பாட்டைப் போட்டுக் காட்டியதன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

நிஜமாகவே போன் இல்லாமல் பாட்காஸ்ட் கேட்க முடிகிற வாட்சுகள் உண்டு, விலைதான் வேறு. ஆப்பிள் வாட்சில் 2018-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 5 (அந்த வாட்சின் இயங்குதளம்) முதல் பாட்காஸ்ட் செயலி இருக்கிறது. சார்ஜில் போட்டிருக்கும்போது எபிசோடுகளைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் ஐபோன் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது. ஆண்ட்ராய்டு போன்காரர்கள் வேர் ஓஎஸ், அதாவது கூகுளின் வாட்ச் இயங்குதளம், இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சாம்சங்கில் 2021-இல் வந்த கேலக்ஸி வாட்ச் 4 முதல் அது உண்டு. பாக்கெட் காஸ்ட்ஸ் என்ற பாட்காஸ்ட் செயலி அதற்கு வந்தபோது சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கார்மின் நிறுவன வாட்சுகளில், மியூசிக் வசதி உள்ள மாடல்களில் கணினியிலிருந்து எபிசோடுகளை ஏற்றலாம். பழைய ஃபிட்பிட் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். கணினியிலிருந்து ஆடியோ ஏற்றும் வசதியையே அந்த நிறுவனம் 2023 மார்ச் இறுதியில் எடுத்துவிட்டது.

கடையில் நின்று பார்க்கும்போது பாட்டைப் போடச் சொல்லாதீர்கள். போன்களை அணைத்துவிட்டு, உங்கள் இயர்பட்ஸை வாட்சில் இணைத்து, ஒரு நீளமான எபிசோட்டை நடுவில் நிறுத்தி, வாட்சையே அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். விட்ட இடத்தில் இருந்து பேசினால் வாங்கலாம். 'போன் இல்லாமல் பாட்காஸ்ட் ஓடும்' என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பில் போடும் முன்பே கிளம்பிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் என்ன அச்சடித்திருந்தாலும் அது மாறாது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்காமலும் வழக்கை நடத்தலாம், வாங்கிய இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இதையெல்லாம் எழுதி, அந்த வாட்ஸ்அப் பதிலின் படத்தையும் இணைத்து, கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவரை போன் எடுக்காதவர்கள் அவர்களாகவே கூப்பிட்டார்கள். முதலில் பத்து சதவீதம் கழித்துத் தருகிறோம் என்றார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வாட்சுக்குக் கொடுத்த 6,499 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், ரேஸ் கோர்ஸில் தினமும் பார்க்கும் ஒரு பெரியவர். கந்த புராணச் சொற்பொழிவு கேட்டுக்கொண்டே நடக்கலாம் என்று பேரன் அதே கடையில், நான் முதலில் வாங்கிய அதே வாட்சை வாங்கிக் கொடுத்திருக்கிறான். "எனக்குத்தான்மா இதை இயக்கத் தெரியல" என்று நினைத்துக்கொண்டு, போனை மஞ்சப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அவருடைய பேரனிடம் பேசி, பில்லைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதே கடையில் இப்படி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் பில்லையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், நான் அனுப்பிய கடிதத்தின் நகலைத் தருகிறேன்.

வாட்சோடு சேர்த்துத் தலையில் கட்டிய ஸ்ட்ராப்புக்கும் ஸ்க்ரீன் கார்டுக்கும் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை. அதற்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.