ரெய்ட்: ஷேடோ லெஜண்ட்ஸ் – இரண்டு ஆண்டு விளையாடிய பின் புதியவர்களுக்குச் சொல்ல விரும்புவது

ரெய்ட்: ஷேடோ லெஜண்ட்ஸ் விளையாட்டை என் கைபேசியில் நிறுவி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிளேரியம் நிறுவனத்தின் இந்த விளையாட்டில் பல நூறு சாம்பியன்கள் உள்ளனர். அவர்களைத் திரட்டி, வளர்த்து, கவசமும் ஆயுதமும் பூட்டி, முறை வைத்து நடக்கும் போர்களுக்கு அனுப்ப வேண்டும். இதுவரை நான் இதற்காகப் பணம் எதுவும் செலுத்தவில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒதுக்கி வருகிறேன். இப்போது, கிளான் என்ற குழுவினர் சேர்ந்து தாக்கும் பெரும் எதிரியான கிளான் பாஸின் மிகக் கடினமான நிலையான அல்ட்ரா நைட்மேரில் என் அணி தாக்குப்பிடிக்கிறது. ஆனால் முதல் மூன்று மாதங்களில் நான் அடைந்த முன்னேற்றத்தை, வழி தெரிந்த ஒருவர் மூன்று வாரங்களில் அடைந்துவிட முடியும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அந்த மூன்று மாத முடிவில் என்னிடம் நான்கு நட்சத்திரச் சாம்பியன்கள் பதினொரு பேர் இருந்தனர். ஒருவர்கூட ஐந்து நட்சத்திரத்தை எட்டவில்லை. புதிதாக யார் வந்தாலும் அவருக்கும் கொஞ்சம் பயிற்சி, கொஞ்சம் கவசம், கொஞ்சம் சில்வர் நாணயம் என்று பகிர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தேன். எல்லோரும் பாதி வளர்ந்தவர்களாக நின்றதால் ஹார்ட் என்ற கடின நிலையின் கடைசி அத்தியாயத்தைக்கூட நிம்மதியாகக் கடக்க முடியவில்லை. ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நட்சத்திரம், அறுபதாம் நிலை வரை கொண்டுசெல்வது என்று முடிவெடுத்த பிறகுதான் விளையாட்டு எனக்குப் பிடிபடத் தொடங்கியது. நான் எழுதுவதெல்லாம் அந்த ஒரு முடிவைச் சுற்றியவையே.

தொடக்கத்தில் கேல், ஏதல், எல்ஹெயின், கேலக் என்ற நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கேலைத் தேர்ந்தெடுங்கள். ஏதலும் நல்ல தேர்வே, ஆனால் கேலுக்கு இரண்டு பயன்கள் உண்டு: எதிரிக் கூட்டம் முழுவதையும் ஒரே நேரத்தில் தாக்கக்கூடியவர் என்பதால் அத்தியாயப் போர்களை விரைவில் முடிப்பார், அவருடைய தாக்குதல்கள் எதிரியின் மீது விஷத்தையும் ஏற்றுவதால் பின்னாளில் கிளான் பாஸிடமும் அவர் பயன்படுவார். ரேர் வகையைச் சேர்ந்தவர்தானே (ரேர், அதைவிட அரிய எபிக், அதனினும் அரிய லெஜண்டரி என்பவை சாம்பியன் வகைகள்) என்று அவரை ஒதுக்கிவிட்டு, குலுக்கலில் வந்த எபிக் ஒருவரைத் தலைவராக்கியது நான் செய்த முதல் தவறு. அந்த எபிக் தனி ஒருவரை மட்டுமே தாக்குபவர். கூட்டத்தைச் சமாளிக்க அவரால் ஆகவில்லை. வகையைக் காட்டும் வண்ணத்தைப் பார்க்காமல், ஆற்றல்களின் விளக்கத்தைப் பொறுமையாகப் படித்துத் தேர்ந்தெடுப்பது இந்த விளையாட்டில் பலமுறை கைகொடுக்கும்.

ஒரு சாம்பியனை ஆறு நட்சத்திரமாக்குவதற்கு எவ்வளவு உழைப்பு தேவை என்பதை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்துவிட்டால், பத்துப் பேரை ஒன்றாக வளர்க்கும் ஆசை தானாகவே அடங்கிவிடும். மூன்று நட்சத்திரச் சாம்பியன் முப்பதாம் நிலையை எட்டியதும், வேறு மூன்று மூன்று நட்சத்திரச் சாம்பியன்களைப் பலியிட்டால் நான்கு நட்சத்திரம் பெறுவார். நான்கிலிருந்து ஐந்துக்கு நான்கு பேரும், ஐந்திலிருந்து ஆறுக்கு ஐந்து பேரும் அதே தரத்தில் தேவைப்படுவர். இப்படிப் பலியாகிறவர்களை விளையாடுகிறவர்கள் ஃபுட் என்றே அழைக்கிறோம். ஐந்து நட்சத்திர ஃபுட் ஐந்து பேர் என்றால், அவர்களை உருவாக்க நான்கு நட்சத்திரத்தவர் 25 பேர், அந்த 25 பேரை உருவாக்க மூன்று நட்சத்திரத்தவர் 100 பேர். கேல் ஐந்து நட்சத்திரம் வரை ஏறுவதற்குத் தேவையான 19 பேரையும் சேர்த்தால் மொத்தம் 119. அந்த 119 பேரிலும் பெரும்பாலோர் இரண்டு நட்சத்திரத்தில் பிறந்து, நம் கையால் வளர்க்கப்பட்டு மூன்றை எட்டியவர்களாகவே இருப்பர். பரிசாக அவ்வப்போது கிடைக்கும் கோழிகள் ஃபுட்டுக்குப் பதிலாக நிற்கும் என்பதால் உண்மையில் இந்த எண்ணிக்கை சற்றுக் குறையும். நான்கு நட்சத்திரக் கோழி ஒன்று நான்கு மூன்று நட்சத்திரச் சாம்பியன்களை வளர்க்கும் வேலையை மிச்சப்படுத்துகிறது. அதை இரண்டாந்தரச் சாம்பியன் ஒருவருக்காகச் செலவிடாமல் சேர்த்து வையுங்கள்.

இந்த ஃபுட்டை வளர்க்கும் இடம் பன்னிரண்டாம் அத்தியாயத்தின் மூன்றாம் கட்டம். எல்லோரும் 12-3 என்று சொல்வது இதைத்தான். அத்தியாயப் போரில் நான்கு பேர் கொண்ட அணி செல்லும். பயிற்சிப் புள்ளிகள் நால்வருக்கும் பங்கிடப்படும். அடித்து முடிக்கும் ஆற்றல் உள்ள ஒருவரும், பயிற்சிக்காக மட்டும் உடன் வரும் மூன்று ஃபுட்டும் செல்வதே சிக்கனமான முறை. துணைக்கு இரண்டாவது போர்வீரர் தேவைப்படும் அளவுக்கு உங்கள் தலைவர் பலவீனமாக இருந்தால், ஃபுட்டுக்குச் சேர வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே ஹார்டுக்கு அடுத்த புரூட்டல் நிலையின் 12-3 கட்டத்தை ஒரே ஆள் முடிக்கும் நாள்தான் ஒரு தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு உண்மையான திருப்புமுனை. அந்தக் கட்டத்தில் கேடயங்கள் விழும். கேடயத்துக்கு விற்பனை விலை அதிகம் என்பதால், ஃபுட்டை வளர்க்கும்போதே சில்வரும் சேர்ந்துகொண்டிருக்கும். அந்த நாள் வரும் வரை ஹார்ட் நிலையின் அதே கட்டத்தில் பழகலாம்.

இங்கே நான் கஷ்டப்பட்டுக் கற்ற ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். நட்சத்திரம் ஏறியவுடன் சாம்பியனின் நிலை ஒன்றுக்குத் திரும்பிவிடும். ஐந்து நட்சத்திரத்தில் ஐம்பதாம் நிலையில் இருந்த என் கேல் ஆறாவது நட்சத்திரம் பெற்ற கணமே முதல் நிலைக்கு வந்துவிட்டார். நேற்று வரை எளிதாக முடித்த கட்டத்தில் அவர் முதல் அலையிலேயே விழுந்தார். அவரைத் தவிர வேறு வலுவானவர் இல்லாததால், கீழ்நிலைக் கட்டங்களில் நான்கு நாள்கள் அலைந்து அவரைத் திரும்பவும் வளர்க்க வேண்டியிருந்தது. பயிற்சிப் புள்ளி தரும் பானங்களான ப்ரூக்களை அதற்குள் நான் எல்லோருக்கும் ஊற்றித் தீர்த்திருந்தேன். அவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேமித்து, ஆறாவது நட்சத்திரம் பெறும் நாளில் ஒரே மூச்சில் கொடுத்தால் இந்த இடைவெளியே வராது.

ஜெம்கள் என்ற அரிய நாணயத்தைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான். முதல் 500 ஜெம் சேர்ந்ததும் ஜெம் சுரங்கத்தை அமையுங்கள். சுரங்கத்துக்கு மூன்று படிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 500 ஜெம் ஆகும். முழுமையடைந்த சுரங்கம் நாளொன்றுக்கு 15 ஜெம் தரும். 1,500 ஜெம் முதலீடு நூறு நாள்களில் திரும்பிவிடும், அதன்பின் வருவதெல்லாம் ஆதாயம். சுரங்கம் முடிந்த பிறகு, 40 ஜெம் கொடுத்து, போர்களுக்குச் செலவாகும் எனர்ஜியை நிரப்புவதுதான் சிறந்த செலவு. ஏனெனில் எனர்ஜி ஃபுட்டாகவும் சில்வராகவும் மாறுகிறது. கேலுக்கு மட்டும் 800 ஜெம் கொடுத்து, கூடுதல் திறன்களான மாஸ்டரிகள் முழுவதையும் ஒரே முறையில் வாங்கினேன். மாஸ்டரிகளுக்கான சுருள்களைத் தரும் மினோட்டார் என்ற எதிரியின் உயர் கட்டங்களை வெல்லும் வலு என் அணிக்கு அப்போது இல்லாததால் அது தவறாகத் தோன்றவில்லை. அடுத்தடுத்த சாம்பியன்களுக்கு மினோட்டாரின் சுருள்களையே திரட்டினேன்.

சாம்பியன்களைக் குலுக்கலில் தரும் ஷார்டுகளை உடைப்பதில் பொறுமை தேவை. நீல நிற ஏன்ஷன்ட் ஷார்டில் லெஜண்டரி வருவதற்கான வாய்ப்பு 0.5 விழுக்காடு, எபிக்குக்கு 8 விழுக்காடு. இதன் பொருளைக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 100 ஷார்டுகளை உடைத்தாலும் ஒரு லெஜண்டரிகூடக் கிடைக்காமல் போவதற்கு ஏறத்தாழ 60 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. சேக்ரட் ஷார்டில் லெஜண்டரிக்கு 6 விழுக்காடு. மற்றபடி எபிக் உறுதி. வாய்ப்பை இரட்டிப்பாக்கும் நிகழ்வுகள் அவ்வப்போது வரும். அதுவரை ஷார்டுகளைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு அதே எண்ணிக்கையில் இருமடங்கு வாய்ப்பு கிடைக்கிறது. கிடைத்த அன்றே உடைத்துப் பார்க்கும் ஆர்வத்தை அடக்குவது எளிதன்று என்பதை அறிவேன். பச்சை நிற மிஸ்டரி ஷார்டுகளை மட்டும் தயங்காமல் உடைக்கலாம். அவை ஃபுட்டுக்காகவே உள்ளவை.

குலுக்கலில் வரும் ரேர் சாம்பியன்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஃபுட்டாக்கிவிடாதீர்கள். எதிரிகள் அனைவரின் தற்காப்பையும் 60 விழுக்காடு குறைக்கும் வார்மெய்டன், அணியின் டர்ன் மீட்டரை (நிறைந்ததும் அடிக்கும் முறையைத் தரும் அளவியை) உயர்த்திக் காயத்தையும் ஆற்றும் அபாத்திகரி, எதிரியின் டர்ன் மீட்டரை முழுவதுமாகக் காலியாக்கக்கூடிய கோல்ட்ஹார்ட் ஆகியோர் ரேர் வகையினரே. நான் முதல் மாதத்தில் இரண்டு வார்மெய்டன்களைப் பலியிட்டேன். பின்னர் ஒருவரைப் பெறுவதற்கு நெடுநாள் காத்திருந்தேன். ஒரே சாம்பியனின் இரண்டாம் பிரதி கிடைத்தால் அதைக் கொண்டு அவருடைய ஆற்றல்களின் நிலையை உயர்த்தலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்து ஆர்டிஃபாக்ட்கள், அதாவது சாம்பியனுக்குப் பூட்டும் ஆயுதமும் கவசங்களும். புதியவர் பெரும்பாலும் தவறுவது இங்குதான், நானும் தவறினேன். ஆயுதத்தின் முதன்மை மதிப்பு எப்போதும் தாக்குதல், தலைக்கவசத்தின் மதிப்பு உயிர், கேடயத்தின் மதிப்பு தற்காப்பு. இவற்றில் தேர்வுக்கு இடமில்லை. கையுறை, மார்புக் கவசம், காலணி ஆகிய மூன்றின் முதன்மை மதிப்பு மட்டுமே பொருளுக்குப் பொருள் மாறுகிறது. ஆகவே சில்வரை முதலில் இந்த மூன்றில் செலவழிக்க வேண்டும். அவற்றுள்ளும் வேகம் முதன்மையாக வருவது காலணியில் மட்டும்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொருவரின் டர்ன் மீட்டரும் அவரவர் வேகத்துக்கேற்ப நிறைகிறது. முன்னதாக நிறைந்தவருக்கு முன்னதாக முறை வரும். எதிரி ஒருமுறை அடிப்பதற்குள் நாம் இருமுறை அடிக்க முடிந்தால் மற்ற குறைகள் பல மறைந்துவிடும். ஐந்து நட்சத்திர வேகக் காலணியைப் பதினாறாம் படி வரை உயர்த்தினால் 40 புள்ளி வேகம் கிடைக்கும். ஆறு நட்சத்திரத்துக்கும் அதற்கும் இடையே ஐந்து புள்ளிதான் வேறுபாடு. ஆறு நட்சத்திரம் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் ஐந்து நட்சத்திரக் காலணியை உயர்த்துவதே தொடக்கத்தில் போதும். தலைவருக்கு லைஃப்ஸ்டீல் தொகுதியின் நான்கு பொருள்களைப் பூட்டினால், அவர் கொடுக்கும் சேதத்தில் 30 விழுக்காடு அவருக்கே உயிராகத் திரும்பும். தனியாளாக 12-3 கட்டத்தைக் கடக்க எனக்கு உதவியது இதுவே.

உயர்த்தும் முயற்சி ஒவ்வொன்றும் தோற்கலாம். தோற்றாலும் சில்வர் போய்விடும். பூட்டிய பொருளைக் கழற்றுவதற்கும் சில்வர் கேட்கும். ஆகவே கவசங்களை ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டே இருப்பது பெரிய விரயம். கட்டணமின்றிக் கழற்ற அனுமதிக்கும் நாள்கள் வரும்போது மாற்றங்களைச் செய்துகொள்ளலாம்.

அக்யூரசி என்ற மதிப்பை நான் ஆறு மாதங்கள் வரை பொருட்படுத்தவே இல்லை. விஷம், தற்காப்புக் குறைப்பு போன்ற கேடுகள் எதிரியின் மீது நிலைக்க வேண்டுமானால், அவருடைய எதிர்ப்பாற்றலுக்கு ஈடாக நம்மிடம் அக்யூரசி இருக்க வேண்டும். என் கேல் கிளான் பாஸின் மீது விஷம் ஏற்றத் தவறிக்கொண்டே இருந்தபோது, தாக்குதலை உயர்த்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். மார்புக் கவசத்தை அக்யூரசி உள்ளதாக மாற்றிய அன்று சேதம் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. சாம்பியன்களின் இயல்பு வகைகளில் மேஜிக் ஸ்பிரிட்டை வெல்லும், ஸ்பிரிட் ஃபோர்ஸை வெல்லும், ஃபோர்ஸ் மேஜிக்கை வெல்லும் என்ற சுழற்சியையும், வாய்ட் எதனுடனும் சமமாக நிற்கும் என்பதையும் இதனோடு சேர்த்து மனத்தில் இருத்த வேண்டும். பாதகமான எதிரியை அடிக்கும்போது அடி வலுவிழப்பதோடு கேடும் நிலைக்காமல் போகலாம்.

ஓர் எதிரியின் மீது ஒரே நேரத்தில் பத்துக் கேடுகள் வரை நிற்கும். கிளான் பாஸை அணுகும்போது அந்தப் பத்து இடங்களையும் எதனால் நிரப்புகிறோம் என்பதே முக்கியம். கிளானில் சேர்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நிலை எவ்வளவு தாழ்ந்ததாக இருந்தாலும், கிளான் பாஸைத் தாக்கத் தேவையான சாவிகளை நாள்தோறும் பயன்படுத்தும் உறுப்பினர்கள் உள்ள கிளானாக இருந்தால் போதும். கிளான் பாஸ் தரும் பரிசுப் பெட்டிகளிலிருந்து வரும் ஷார்டுகளும் ஆற்றல்களை உயர்த்தும் நூல்களும்தான் பணம் செலுத்தாதவருக்கு நிலையான வருமானம்.

குறிப்பிட்ட சாம்பியன்களைத் திரட்டி இணைத்துப் புதிய ஒருவரைப் பெறும் ஃப்யூஷன் நிகழ்வுகளை முதல் நான்கைந்து மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். பாதியில் நின்றுபோன ஃப்யூஷன், சேர்த்து வைத்திருந்த அனைத்தையும் கரைத்துவிடும். அதே காலத்தில், ஆர்பிட்டர் என்ற லெஜண்டரி சாம்பியனைப் பரிசாகத் தரும் நீண்ட பணித்தொடரில் நாள்தோறும் ஒரு சிறு பங்கையாவது முடித்து வாருங்கள். வரிசை மாறாமல் செல்லும் அந்தப் பணிகள், அடுத்து என்ன செய்வது என்ற குழப்பத்தையும் போக்கும்.

என் அக்கா மகன் கடந்த மாதம் இந்த விளையாட்டைத் தொடங்கினான். முதல் வாரத்தில் ஓர் எபிக் கிடைத்ததும், "மாமா, இவரை வளர்க்கட்டுமா?" என்று கேட்டான். இப்போதைக்குப் பெட்டகத்தில் வைத்திரு என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. நேற்று மாலை கைபேசியைக் கொண்டுவந்து காட்டினான். அவனுடைய கேல் ஐந்து நட்சத்திரத்தில் நாற்பத்து மூன்றாம் நிலையில் இருந்தார், ஜெம் சுரங்கத்தின் இரண்டாம் படி முடிந்திருந்தது, ப்ரூக்கள் எதுவும் தொடப்படாமல் இருந்தன. ஹார்ட் நிலையின் 12-3 கட்டத்தில் கேலுடன் மூன்று ஃபுட்டை அனுப்பிவிட்டு, அந்த எபிக்கை எப்போது வெளியே எடுக்கலாம் என்று மறுபடியும் கேட்டான். கேலுக்கு ஆறாவது நட்சத்திரம் வந்த மறுநாள் என்று சொல்லியிருக்கிறேன்.